கடலோரப் பட்டறைகளின் மூத்தவர்களைப் பயிற்சிக்கூடங்களுக்குள் அழையுங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாணத்தில் தொழிற்பயிற்சியைத் திட்டமிடுவோருக்கும், பயிற்சி நிலையங்களை நடத்துவோருக்கும், தேசியத் தொழிற்றகைமை மதிப்பீட்டாளர்களுக்கும்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையில் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். என் தந்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நகரின் கடற்கரையில் படகு எஞ்சின்களைத் திருத்தியவர். எழுபது வயதைக் கடந்துவிட்ட அவர் இன்றும் காலை ஏழு மணிக்குப் பட்டறையின் பலகைக் கதவுகளைக் கழற்றி வைக்கிறார். எஞ்சினைத் தூக்க அவரால் முடிவதில்லை. ஆனால் தூக்கி வைத்துவிட்டால், அதற்கு என்ன நேர்ந்தது என்பதை மூடியைத் திறக்கும் முன்பே பெரும்பாலும் சொல்லிவிடுகிறார். அவரைப் போன்றவர்கள் திருக்கடலூரிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் பட்டறையை மூடிக்கொண்டும் வருகிறார்கள். கையில் சான்றிதழ் இல்லை என்ற ஒரே காரணத்தால் பயிற்சிக்கூடங்களின் வாசலிலேயே நிற்கவைக்கப்படும் இவர்களை உள்ளே அழைத்து, இளையோருக்குக் கற்பிக்கும் இடத்தில் அமர்த்துங்கள் என்பதே இம்மடலின் வேண்டுகோள். ஏன் இதை இவ்வளவு உறுதியோடு கேட்கிறேன் என்பதை விளக்க, நான் வளர்ந்த இடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

அப்பா இத்தொழிலை எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. ஆயினும் அவர் கற்ற கல்விக்கு ஒரு வழிமுறை இருந்தது. 1957 ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அத்தளத்தின் பட்டறைகளில் பொருத்துநர்களாகவும் கடைசல்காரர்களாகவும் இருந்த பலர் வேலையிழந்தனர். அவர்களுள் சிலர் இங்கேயே தங்கிச் சிறு பட்டறைகளைத் திறந்தனர். அப்படிப்பட்ட ஒருவரிடம்தான் அப்பா பதினைந்து வயதில் தொட்டாட்டு வேலைக்கு, அதாவது எடுபிடியாக, சேர்ந்தார். எங்கள் வீட்டில் 'பெரியவர்' என்றே குறிப்பிடப்பட்ட அவர், முதல் ஆறு மாதங்கள் அப்பாவை எந்த எஞ்சினையும் தொட விடவில்லையாம். ஓர் இரும்புத் துண்டையும் ஓர் அரத்தையும் கையில் கொடுத்து, ஆறு முகங்களும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக வரும்வரை அராவச் சொன்னாராம். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடையில் ஒரு கீற்று ஒளிகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் மீண்டும் அராவ வேண்டும். ஒரு முகத்தைச் சரிசெய்யப் போய் மற்றொரு முகம் பிழைத்துவிட்டால் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டும். தீப்பெட்டியைவிடச் சிறிதாகிப்போன அந்தக் கட்டி, இன்று நான் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும் மேசையில் இருக்கிறது.

எங்கள் வீடும் பட்டறையும் ஒரே வளவுக்குள் இருந்தன. தகரக் கூரை, மணல் தரை, பாலை மரத்தில் செய்த வேலை மேசை, அதன் ஓரத்தில் பூட்டிய வைஸ், மூலையில் நன்னீர் நிரப்பிய பீப்பாய். அந்தப் பீப்பாய்க்குள் எஞ்சினின் அடிப்பகுதியை இறக்கி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓடும்போது பின்பக்கச் சிறு துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வரவேண்டும். "தண்ணி துப்புதோ, பார்" என்று அப்பா கேட்பார். அதைப் பார்த்துச் சொல்வதுதான் ஐந்து வயதில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு. தண்ணீர் வலுவாக வந்தால் பம்பின் ரப்பர் இதழ்கள் நன்றாக இருக்கின்றன. மெலிந்து வந்தால் மணல் அவற்றைத் தின்றிருக்கிறது, அல்லது உப்பு எங்கோ வழியை அடைத்திருக்கிறது. வராமலே போனால் உடனே நிறுத்தியாக வேண்டும். ஒரு சிறுமியின் கண்ணை நம்பி ஓர் எஞ்சினை ஓடவிட்ட அந்த நம்பிக்கை எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதை, ஆசிரியையாக ஒரு வகுப்பின் முன் நின்ற பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

பின்னங்களை நான் ஸ்பானர்களிலிருந்து கற்றேன். பெரியவர் விட்டுச் சென்ற பெட்டியில் பிரித்தானியக் காலத்து விட்வர்த் ஸ்பானர்கள் இருந்தன. அப்பா வாங்கியவை ஜப்பானிய எஞ்சின்களுக்குரிய 10, 12, 14, 17 மில்லிமீற்றர் ஸ்பானர்கள். பழைய ஸ்பானர் ஒன்றில் 1/4 என்று பொறித்திருக்கும். அதன் வாயை அளந்தால் கால் அங்குலத்தைவிட மிக அகலமாக இருக்கும். இது எனக்குப் பெரும் குழப்பமாக இருந்தது. அந்த எண் ஸ்பானரின் வாயைக் குறிக்கவில்லை என்றும், அது பிடிக்கும் தலைக்குக் கீழுள்ள ஆணியின் விட்டத்தைக் குறிக்கிறது என்றும் அப்பா விளக்கினார். விட்வர்த் புரியின் கோணம் 55 பாகை, மெற்றிக் புரியின் கோணம் 60 பாகை என்பதை அவர் எண்ணால் சொல்லவில்லை. இரண்டு ஆணிகளைக் கையில் தந்து, ஒன்றின் புரியை மற்றதன் புரியோடு ஒட்டி வைத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று படியாமல் இடைவெளி விட்டதை நான் கண்டேன். கிட்டத்தட்ட ஒரே அளவாகத் தோன்றும் தவறான ஆணியை வலிந்து முறுக்கினால் முதலில் போவது எஞ்சினின் அலுமினிய உடல்தான் என்பதை அன்றிலிருந்து நான் மறந்ததில்லை.

கழற்றிய சிறு பாகங்களை மணலில் தவறவிடாமல் இருக்க அம்மா தன் பழைய சுளகு ஒன்றைக் கொடுத்திருந்தார். சுளகின் உட்புறத்தில் கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்குவது என் வேலை. பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக் கொடுக்க வேண்டும். நான் பெரியபிள்ளையான பிறகு, ஆம்பிளைகள் வந்துபோகும் பட்டறையில் இவளை ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று அயலவர் பேசத் தொடங்கினர். அம்மாவும் கலங்கினார். அப்பா யாரோடும் வாதாடவில்லை. அன்று மாலை, எரிபொருளையும் காற்றையும் கலக்கும் காபரேட்டர் ஒன்றைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றிய பேணி ஒன்றோடும் அந்தச் சுளகோடும் குசினியை ஒட்டிய பின் விறாந்தைக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதன்பின் ஏழு ஆண்டுகள், திருகோணமலைக் கடலில் ஓடிய எத்தனையோ எஞ்சின்களின் காபரேட்டர்கள் அந்த விறாந்தையில்தான் சுத்தமாகின. எரிபொருள் பாயும் ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தக்கூடாது, குத்தினால் துளை பெருத்து எஞ்சின் தேவைக்கு மேல் எண்ணெய் குடிக்கும், ஊதித்தான் அடைப்பை எடுக்க வேண்டும் என்பன எல்லாம் அங்கே எனக்கு வந்த பாடங்கள்.

இவற்றை நினைவின் இனிமைக்காக மட்டும் எழுதவில்லை. இவை ஒவ்வொன்றுக்குள்ளும் நீங்கள் பாடத்திட்டத்தில் எழுதிவைத்திருக்கும் விஞ்ஞானமே இருக்கிறது. நான் வகுப்பில் மின்னிரசாயனத் தொடரைக் கற்பிக்கிறேன். கடல்நீரில் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்படும் என்பது என் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிய ஒரு சமன்பாடு. அப்பாவின் பட்டறையில் அது, எவ்வளவு முறுக்கியும் அசைய மறுக்கும் ஓர் ஆணி. அந்த ஆணியைக் கழற்றும் முன் ஒரு மயிரிழை அளவு இறுக்கிப் பார்க்க வேண்டும், உப்பின் பிடி முதலில் உடைய வேண்டும், பிறகு எண்ணெய் விட்டு, சூடு காட்டி, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்க வேண்டும் என்று அவர் பயில வந்த பிள்ளைகளுக்குச் சொல்வார். எஞ்சினின் அடியில் பூட்டியிருக்கும் நாகக்கட்டி, அதாவது துத்தநாகத் துண்டு, மற்ற உலோகங்களுக்காகத் தானே அரிபட்டுப் போவதற்கென்று வைக்கப்பட்டது. சில மீனவர்கள் எஞ்சினை அழகுபடுத்த எண்ணி அதன்மேலும் வர்ணம் பூசிவிடுவார்கள். வர்ணம் பூசிய நாகம் கடல்நீரைத் தொடாது, தொடாதது காக்காது. அப்பா வருகிற ஒவ்வொரு எஞ்சினிலும் முதலில் அந்தக் கட்டியைத்தான் தேடுவார், வர்ணம் இருந்தால் தானே சுரண்டிவிடுவார், அதற்குக் காசு கேட்கமாட்டார்.

சிறிய எஞ்சின்களில், நீரைத் தள்ளிப் படகை ஓட்டும் விசிறியில் ஒரு மென்மையான பின் உண்டு. விசிறி பாறையிலோ வலையிலோ சிக்கினால் அந்தப் பின் உடைந்து உள்ளிருக்கும் பற்சில்லுகளைக் காப்பாற்றும். நடுக்கடலில் பின் உடைந்தால் சிலர் அதற்குப் பதிலாக இரும்பு ஆணியை அடித்துக் கரைக்கு வந்துவிடுவார்கள். வந்து சேர்ந்ததில் தவறில்லை. அந்த ஆணியோடு மறுநாளும் கடலுக்குப் போவதுதான் பெரும் செலவில் முடியும். அப்படி நொறுங்கிய பற்சில்லுகளை அப்பா ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறார், புதிதாக வேலை பழக வருபவருக்குக் காட்டுவதற்காக. ஒரு பயிற்சிக்கூடத்துக்கு அதைவிட நல்ல கற்றல் சாதனம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பிந்திய வாரங்களைப் பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும். கடல் இறங்கிய பிறகு, மணலுக்குள்ளும் வேலிகளுக்குள்ளும் வீட்டுச் சுவர்களுக்கு அடியிலும் எஞ்சின்கள் கிடந்தன. சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களிடம் எஞ்சினைப் பற்றிப் பேச அப்பாவுக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த இரும்புகள் உள்ளுக்குள் துருவேறிக்கொண்டிருந்தன என்பதும், அவற்றை இழந்தால் தப்பியவர்களும் தொழிலிழப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். கடல்நீரில் மூழ்கிய எஞ்சினை வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால்தான் துரு வேகமாகப் பிடிக்கும். உடனே திறந்து கழுவ முடியாவிட்டால் நன்னீருக்குள் மூழ்கவைத்து விட வேண்டும். ஆனால் கரையோரக் கிணறுகளும் உப்பாகிவிட்டிருந்தன. அப்பாவும் அவரிடம் வேலை பழகிய இரண்டு பேரும் ஒரு லாண்ட்மாஸ்ரரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) பீப்பாய்களை ஏற்றி, கடலிலிருந்து தள்ளியிருந்த கிணறுகளிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து, எங்கள் வளவு முழுவதும் பீப்பாய்களை வரிசையாக வைத்து, கொண்டுவரப்பட்ட எஞ்சின்களை அவற்றுக்குள் இறக்கினார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் உரிமையாளரின் பெயரை எழுதிய தகரத்துண்டைக் கட்டுவது என் பங்காயிற்று. சிலவற்றின் உரிமையாளர் யார் என்று சொல்ல எவரும் இருக்கவில்லை. அவற்றுக்குக் கிடந்த இடத்தின் பெயரை எழுதினோம்.

பின்னர் ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, முதலில் கையால் மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பார். உள்ளே மணல் நெருடுகிறதா என்பதை விரல்கள் சொல்ல வேண்டும். நெருடினால் அதற்குமேல் ஒரு பாகைகூடச் சுழற்றக்கூடாது, முழுவதையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கிய எஞ்சினாக இருந்தால், பிஸ்டனுக்கு மேலே புகுந்த தண்ணீர் நசுங்காமல் இணைதண்டை வளைத்திருக்கும். அதை வலிந்து இழுத்து ஸ்டார்ட் செய்ய முயன்றால் எஞ்சினே உடைந்துவிடும். மணல் இல்லை, வளைவும் இல்லை என்று தெரிந்த பிறகே கழுவி, உலர்த்தி, எண்ணெய் விட்டு, கயிற்றை இழுத்து ஓடவைப்பார். அந்தத் தைப்பொங்கலுக்கு எங்கள் வீட்டில் பொங்கவில்லை. ஆனால் அன்று காலையில் ஓர் எஞ்சின் பீப்பாய்க்குள் ஓடித் தண்ணீர் துப்பியதையும், அதன் சொந்தக்காரர் மணலில் உட்கார்ந்து அழுததையும் நான் பார்த்தேன். அந்த அறிவை எந்தக் கைந்நூலும் அந்த நாட்களில் எங்களுக்குக் கொண்டுவந்து தரவில்லை. அது பெரியவரிடமிருந்து அப்பாவிடம் வந்து சேர்ந்து, அந்த வளவில் இருந்தது. அதற்குப் பிறகு எந்தப் பயிற்சிக்கூடமும் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வரவில்லை என்பது எனக்கு நீங்காத வருத்தம்.

அண்மைய ஆண்டுகளும் இதே தேவையைக் காட்டின. எமது மீனவரின் எஞ்சின்களில் மிகப் பல பெற்றோலில் உயிர்பெற்று, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு உயர்ந்தது. அந்நாட்களில் அப்பாவிடம் வந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: "அண்ணை, இது குடிக்கிறதைக் குறைக்க ஏதும் வழியிருக்கோ?" காபரேட்டரைச் சீராக்குவதும், கரி படிந்த பிஸ்டன் வளையங்களைத் துப்புரவாக்குவதும், ஓரம் மடிந்த விசிறி இதழ்களை நிமிர்த்துவதும், அணைக்கும் முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி மறுநாள் எளிதில் பற்றவைக்கப் பழக்குவதும் அவரது பதிலாயின. புதிய எஞ்சின் வாங்க இயலாத ஒரு கரைக்குத் திருத்தும் கை எவ்வளவு அவசியம் என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, இம்மடலை எழுதத் தூண்டிய சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பயிற்சி நிலையத்தில் படகு எஞ்சின் திருத்தும் பயிற்சிக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்று அறிந்து அப்பாவை அழைத்துச் சென்றேன். அவர் வெள்ளைச் சேட்டு அணிந்து, நகக்கண்ணில் இருந்த கிரீசை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். அங்கிருந்தவர்கள் மரியாதையாகவே பேசினார்கள். க.பொ.த. சாதாரண தரச் சான்றிதழும் தொழிற்றகைமைச் சான்றிதழும் இல்லாமல் எவரையும் வகுப்பறைக்குள் அனுப்ப முடியாது என்றார்கள். வேலையில் கற்ற திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும், முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் தகைமை பெறலாமே என்று கேட்டேன். அதற்குரிய படிவம் அன்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைத்தது. வேலை வழங்கியவர்களிடமிருந்து சேவைக் கடிதங்கள் கொண்டுவரும்படி கேட்டார்கள். அப்பாவுக்கு வேலை வழங்கியவர்கள் மீனவர்கள். ஐம்பது ஆண்டுகளில் அவர்களில் ஒருவரும் கடிதத் தலைப்பில் எதையும் எழுதிக் கொடுத்ததில்லை. மீனாகவும் காசாகவும், சில சமயம் கடனாகவும் கொடுத்தார்கள். திரும்பி வரும் வழியில் அப்பா, "அவையள் சொல்லுறதும் சரிதானே, பிள்ளை" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இம்மடல் என் பதில்.

அவர்கள் சொன்னதில் சரி இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அப்பாவிடம் இல்லாதவை பல. நான்கடிப்பு (ஃபோர் ஸ்ட்ரோக்) எஞ்சின்களில் வரும் மின்னணு எரிபொருள் முறை அவருக்குப் பழக்கமில்லை. முறுக்குவிசை காட்டும் ஸ்பானரை அவர் ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. ஆணிகளை நடுவிலிருந்து வெளியே குறுக்குக் குறுக்காக, மூன்று தடவையாக இறுக்குவதைக் கையின் அளவால் செய்தார். பெற்றோலில் வெறுங்கையால் பாகம் கழுவினார். காதுக்கு எதுவும் அணியாமல் ஆண்டுக்கணக்காக எஞ்சினோடு நின்றதால் இடது காது கேட்காமலே போய்விட்டது. திருப்புளியின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கேட்டறிந்த அந்தக் காதுக்கு இப்படி ஆனதை நினைக்கும்போது, இன்று பயில்பவர்களுக்குப் பாதுகாப்பைக் கட்டாயமாகக் கற்பிக்கும் உங்கள் பாடத்திட்டத்துக்கு நான் நன்றி சொல்லவே வேண்டும்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. தகைமைச் சான்றிதழோடு ஓர் இளைஞர் அப்பாவிடம் வந்தார். கெட்டிக்காரர், மின்சுற்று வரைபடத்தை வாசிக்கத் தெரிந்தவர். முதல் நாள் ஒரு பழைய எஞ்சினின் மூடியைத் திறக்க முயன்று ஓர் ஆணியின் தலையை முறித்துவிட்டு, முகம் வாடி நின்றார். அவர் பயின்ற எஞ்சின் ஒரு தாங்கியில் பூட்டப்பட்டு, ஒவ்வொரு தொகுதி மாணவராலும் கழற்றிப் பூட்டப்பட்டு, ஆணிகள் விரலால் திருகினாலே வந்துவிடும் நிலையில் இருந்ததாம். கடலில் ஓடிய எஞ்சின் ஒன்றை அவர் தொட்டதே இல்லை. இரண்டு மாதங்களில் அப்பாவிடமிருந்து அவர் உப்பைக் கற்றுக்கொண்டார். அவரிடமிருந்து அப்பா வயர்களின் நிறக்குறிகளைக் கற்றுக்கொண்டார். மேசையின் இருபுறமும் நின்று இருவரும் பேசிக்கொண்டதை, பாடசாலை முடிந்து வந்து நான் பல மாலைகள் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் பயிற்சிக்கூடத்தில் நடக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அந்தப் பேச்சுத்தான்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். முன்கற்றலை அங்கீகரிக்கும் மதிப்பீட்டைப் பட்டறைக்கே வந்து நடத்துங்கள். எழுத்தால் கேட்பதை வாய்மொழியாகத் தமிழில் கேளுங்கள். சேவைக் கடிதத்துக்குப் பதிலாக, அவர் திருத்திய எஞ்சினோடு கடலுக்குப் போய்வரும் மீனவரின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அதற்கும் காலம் எடுக்குமெனில், அதுவரை அவர்களை வருகைதரு செயன்முறைப் போதனாசிரியர்களாக, தகைமை பெற்ற உங்கள் ஆசிரியரின் அருகில் நிற்பவர்களாக அழையுங்கள்; கௌரவத்தோடு நின்றுவிடாமல் நாட்கூலியும் கொடுங்கள். கழித்துவிடப்பட்ட, உப்பில் இறுகிய எஞ்சின்களைப் பயிற்சிக்காக வாங்குங்கள். பயிற்சியின் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். எமது கடல் வாடைக்காற்றில் கொந்தளிக்கும் நொவெம்பர் முதல் தை மாதம் வரை படகுகள் கரையேறியிருக்கும், எஞ்சின்கள் பட்டறையில் நிறைந்திருக்கும். பிள்ளைகளைப் பட்டறைகளில் அமர்த்த அதைவிடப் பொருத்தமான பருவம் இல்லை. மேற்குக் கரைக் கடல் சீறும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்து வாடி (கரையோரக் குடில்) அமைத்துத் தொழில் செய்யும் சிங்கள மீனவர்களும், மூதூர், கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் காக்காமாரும் அப்பாவை 'பாஸ்' (கைவினை மேஸ்திரி) என்றே அழைத்தார்கள். அவர் அவர்களிடம் அவரவர் மொழியில் எஞ்சினின் நோயைச் சொன்னார். இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இம்மாவட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமானவர்கள் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஆம் ஆண்டு க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டபோது நான் மிகவும் மகிழ்ந்தேன். பாடநூலில் முசலம் என்றிருப்பதைப் பட்டறையில் பிஸ்டன் என்கிறார்கள். இரண்டும் ஒன்றே என்று அறியாமல் பிள்ளைகள் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். எஞ்சின் 'இருமுகிறது', 'மூச்சு வாங்குகிறது', 'சூடு தின்றுவிட்டது' என்று கரையில் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் திட்டமான ஒரு பழுது உண்டு. நான் சிறுவயது முதல் இவற்றை ஒரு தடித்த அட்டைக் கொப்பியில் எழுதி வந்திருக்கிறேன். இப்போது மூன்றாவது கொப்பி நடக்கிறது. பாடநூலின் சொல்லையும் கரையின் சொல்லையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு சிறு கையேடு செய்ய நீங்கள் முன்வந்தால், மூன்று கொப்பிகளையும் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

பெண்பிள்ளைகளுக்கும் அந்தக் கதவைத் திறந்து வையுங்கள். என் வகுப்பில் காபரேட்டரைப் பார்த்ததும் கண் விரியும் மாணவிகள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எல்லா வீட்டிலும் அதைப் பின் விறாந்தைக்குக் கொண்டுவந்து தர ஒரு தந்தை இருப்பதில்லை.

வரும் வாடைக் காலத்தில் ஒரு மதிப்பீட்டாளரை எங்கள் பட்டறைக்கு அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். உப்பில் இறுகிய எஞ்சின் ஒன்றை, எங்களுக்கு முன்கூட்டித் தெரியாத ஒன்றை, அவரே கொண்டுவரட்டும். காலை ஏழு மணியிலிருந்து அப்பா அங்கே இருப்பார்; பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்போம். கேள்விகளைக் கேட்கும்போது மட்டும் அவரது வலது பக்கமாக நின்று கேட்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
திருகோணமலைக் கரையின் எஞ்சின் திருத்துநர் ஒருவரின் மகள்